பழைய ரயில் நிலையத்துக்குப் பாரம்பரிய அந்தஸ்து: கொங்கு ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் வெள்ளைக்காரர் காலத்து ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிற ஊர்கள் உண்டு. புதுக் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், பழசை விட்டுவைக்கச் சொல்ல முடியுமா, அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். சட்டப் பகுதி கொஞ்சம் வறட்சிதான். பொறுமை இல்லாதவர்கள் கட்டடத்தின் வயதைப் பற்றிய கேள்விக்கு நேரே போய்விடலாம்.

ஏனுங்க, எங்க ஊர் ஸ்டேஷன் நூறு வருஷத்துக்கு மேல பழசு. தானாவே பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆயிடாதுங்களா?

ஆகாது. இந்தக் குழப்பம்தான் அதிகம். 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பழமையான சின்னத்துக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான். அரசு அரசிதழில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. அதுவரை சட்டத்தின் கண்ணில் உங்கள் ஸ்டேஷன் வயதான கட்டடம், அவ்வளவுதான். பொறியாளர் ஒருவர் ‘பயன்பாட்டுக்கு உகந்ததல்ல’ என்று எழுதினால் இடித்துவிடலாம்.

அப்படியானால் அந்தஸ்து வாங்க என்னென்ன வழி இருக்கிறது?

ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றின் பலமும் வேறு.

மேலே இருப்பது மத்தியத் தொல்லியல் துறையின் 1958 சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ளவற்றுக்கு மட்டும். முன்னறிவிப்பு வெளியிட்டு, அதன் நகலைச் சின்னத்தின் அருகே ஒட்டி, ஆட்சேபணைக்கு 2 மாதம் தந்து, அப்புறம் இறுதி அறிவிப்பு. ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனுக்கு இந்தக் கதவைத் தட்டுவது வீண் அலைச்சல் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது மாநிலத் தொல்லியல் துறை. 1966-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டம். தேசிய முக்கியத்துவம் பெறாத, ஆனால் மாநில அளவில் மதிப்புள்ளவற்றை அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம்.

மூன்றாவது, தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம். 2012-இல் நிறைவேற்றப்பட்டது, நடைமுறைக்கு வந்ததோ 2024-இல். பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்த சட்டம் என்பதால் ஊர்ப்பக்கம் இதைப் பற்றிப் பலருக்குத் தெரியவில்லை. கோயிலோ கோட்டையோ அல்லாத கட்டடங்கள், அவை இருக்கும் சுற்றுப்புறங்கள் ஆகியவற்றுக்கு இதுதான் பொருத்தமான இடம்.

நான்காவது, நகரமைப்பு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஓர் ஊருக்கான முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களைப் பேணுவதற்கு இடம் ஒதுக்கலாம். உள்ளூர் அந்தஸ்து என்று நீங்கள் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான். மும்பை 1995-லிருந்தே இப்படிப் பட்டியல் போட்டு, கட்டடங்களைத் தரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து வைத்திருக்கிறது. பாந்த்ரா போன்ற ரயில் நிலையங்களும் அதில் இருக்கின்றன. சென்னையிலும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் ஒரு குழு உண்டு, ஆனால் அதன் எல்லை சென்னைப் பெருநகரோடு முடிந்துவிடும். நம் பக்கத்துக்கு வராது.

ஐந்தாவது, ரயில்வேயின் சொந்தப் பட்டியல். ரயில்வே வாரியத்தில் பாரம்பரியத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தன் கட்டடங்கள், பாலங்கள் சிலவற்றை ரயில்வேயே பாரம்பரியச் சொத்து என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஐந்தில் இதுவே பலவீனமானது, சட்டமே இல்லை. நடைமுறையில் இதற்குத்தான் முதல் மனு போட வேண்டும் என்பேன். ஏன் என்பதற்கு அடுத்த கேள்வி.

ஸ்டேஷன் ரயில்வேக்குச் சொந்தம். மாநில அரசோ மாநகராட்சியோ அறிவித்தால் ரயில்வே கட்டுப்படுமா?

இங்கேதான் சிக்கல். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் இல்லாத பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஒரே கட்டடம் இரண்டிலும் விழும்போது இழுபறி வரத்தான் செய்யும்.

அதற்கு மேல் 1989 ரயில்வே சட்டத்தின் 11-ஆவது பிரிவு. வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், ரயில்பாதை அமைக்கவும் பராமரிக்கவும் தேவையான கட்டடங்களை ரயில்வே நிர்வாகம் கட்டலாம் என்று அது அதிகாரம் தருகிறது. ஸ்டேஷனுக்குள் ஒரு கட்டடம் எழும்பும்போது உள்ளாட்சியிடம் பிளான் அப்ரூவலுக்கு அவர்கள் வரிசையில் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

அதனால் நகராட்சித் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இனி ஒரு செங்கல்லைத் தொட முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம் அந்தப் பட்டியலால் பயனே இல்லை என்பதும் சரியல்ல. முழுமைத் திட்டத்தில் பெயர் வந்துவிட்டால், இடிக்கும் கோப்பு எந்த மேசைக்குப் போனாலும் யாராவது ஒருவர் அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். கோர்ட்டுக்குப் போனாலும் நீதிபதி முதலில் கேட்பது, இதை வரலாற்றுக் கட்டடம் என்று எந்த அரசு ஆவணம் சொல்கிறது என்றுதான்.

எங்கள் பக்கத்தில் எந்த ஸ்டேஷன்களுக்குத் தகுதி இருக்கிறது?

முதலில் போத்தனூர். மதராஸ் ரயில்வே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் பாதையைத் திறந்தது. மேற்கே கேரளத்தின் பேப்பூர்க் கரையிலிருந்தும் பாதை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டும் சேர்ந்து கடற்கரைக்குக் கடற்கரை வண்டி ஓடியது 1862-இல், போத்தனூர் வழியாக. கோவை நகரத்துக்கு ரயில் வந்தது மேட்டுப்பாளையம் கிளை போட்டபோது, 1873-இல். இடைப்பட்ட பத்துப் பதினோரு வருடம் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ரயில் என்றால் போத்தனூர்தான். பட்டணம் போக மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அங்கே போயிருப்பார்கள். ரயில்வேயின் நிர்வாகப் பிரிவான கோட்டத்தின் தலைமையகமும் போத்தனூரில்தான் இருந்தது, 1956-இல் பாலக்காட்டு ஒலவக்கோட்டுக்குப் போய்விட்டது. சிக்னல், தொலைத்தொடர்புப் பட்டறை இன்றும் ஊரில் இருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் சேர்ந்து வளர்ந்த ஊர் என்பதால், கட்டடத்தை மட்டும் கேட்காமல் காலனியையும் சேர்த்துக் கேட்க வேண்டிய இடம் அது.

1915-இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, போட்டார்கள். 1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்கு இன்னொரு பாதை, 1932-இல் பாலக்காட்டுக்கு. இந்தத் தடங்களை அகலப் பாதையாக மாற்றும்போது மீட்டர் கேஜ் காலத்து அமைப்பு பெரும்பாலும் போய்விட்டது. போத்தனூர்–பொள்ளாச்சிப் பகுதி 2017-இல் அகலப் பாதையாகத் திறந்தது. அங்கே இன்னும் ஏதாவது பழைய ஓட்டுக் கட்டடமோ குவார்ட்டர்ஸோ மிஞ்சியிருந்தால் அதற்குத்தான் அவசரம் அதிகம்.

ஈரோட்டுக்குத் திருச்சி, கரூர் பக்கமிருந்து பாதை வந்தது 1868-இல். கொடுமுடி, ஊஞ்சலூர் வழியாகக் காவிரியை ஒட்டி வரும் இந்தத் தடம் முதலில் அகலப் பாதை, பிறகு மீட்டர் கேஜ், மறுபடி அகலப் பாதை என்று மாறிய தடம். கட்டடங்களிலும் அந்த மாற்றங்களின் அடுக்கு இருக்கும். அப்புறம் ஊத்துக்குளி, விஜயமங்கலம், சோமனூர், சங்ககிரி மாதிரி முதன்மைப் பாதை ஊர்கள். இங்கெல்லாம் ஸ்டேஷன் முகப்பைவிடப் பின்னால் இருக்கும் சரக்குக் கொட்டகையைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். முகப்பைப் பல தடவை மாற்றிவிடுவார்கள், கொட்டகையை யாரும் சீண்டுவதில்லை.

மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் உலகப் பாரம்பரியச் சின்னம்தானே? கோவை வரை அது நீளாதா?

நீளாது. 2005-இல் யுனெஸ்கோ சேர்த்தது நீலகிரி மலை ரயிலை மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதையும் அதன் நிலையங்களும். குன்னூர் வரை 1899, உதகை வரை 1908. காரமடை, பெரியநாயக்கன்பாளையம் வழியாக வரும் அகலப் பாதை அதில் இல்லை.

ஒரு விஷயத்துக்கு அது நல்ல முன்னுதாரணம். உலகப் பட்டியலில் ஏறிய பிறகும் வண்டி தினமும் ஓடுகிறது, டிக்கெட் விற்கிறார்கள், எஞ்சினைப் பழுது பார்க்கிறார்கள். அந்தஸ்து வந்தால் ஸ்டேஷனைப் பூட்டி மியூசியம் ஆக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்குக் குன்னூரைக் காட்டலாம்.

கட்டடத்தின் வயதை எப்படி நிரூபிப்பது? கல்வெட்டு எதுவும் இல்லையே.

ஸ்டேஷனில் கல்வெட்டு இருப்பது அபூர்வம். இங்கே பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: பாதை வந்த வருடத்தையே கட்டடத்தின் வருடமாக எழுதிவிடுகிறார்கள். பாதை 1862 என்றால் கட்டடமும் 1862 என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் கூரைக் கொட்டகை போட்டு, இருபது வருடம் கழித்துச் செங்கல்லில் கட்டியிருக்கலாம். எதிர்த்தரப்பு இந்த ஒரு ஓட்டையைப் பிடித்தால் மனு முழுதும் ஆட்டம் காணும்.

ஆகவே கட்டடத்தையே படிக்க வேண்டும். காத்திருப்பு அறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரம், அதன் மேல் மரச் சட்டங்கள், அவற்றுக்கு இடையே மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக, மூலைவாட்டில் அடுக்கியிருந்தால் அது மதராஸ் தளம். மேலே சுண்ணாம்புக் காரையில் செங்கல் ஜல்லி போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கியிருப்பார்கள். கான்கிரீட் பரவுவதற்கு முந்தைய வேலை என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். இப்போது பல ஸ்டேஷன்களில் வெள்ளைப் பலகையால் பொய்க்கூரை போட்டு இதை மறைத்துவிட்டார்கள். ஒரு பலகையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

பிறகு பிளாட்பாரக் கூரையின் தூண்கள். பழைய தண்டவாளத்தையே நட்டுத் தூணாக்கியிருப்பார்கள். பெயின்ட் தடித்துக் கிடக்கும் இடத்தில், தண்டவாளத்தின் நடுப்பட்டையில் கையை வைத்து மேலிருந்து கீழே தடவினால் எழுத்து தட்டுப்படும். தயாரித்த ஆலையின் பெயரும் வருடமும் புடைப்பாக இருக்கும். காலையில் சாய்வெயில் விழும்போது படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம். ஓடித் தேய்ந்த தண்டவாளத்தைத்தான் தூணாக்குவார்கள். தண்டவாளத்தில் 1890 என்றிருந்தால் அந்தக் கூரை 1890-க்கு முந்தியதல்ல என்பது மட்டும் உறுதி. அதற்குப் பத்து, இருபது வருடம் பிந்தியதாகவே இருக்கலாம்.

இரும்பு வேலைகளில் கம்பெனியின் முதலெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்து முதன்மைப் பாதை 1907 வரை மதராஸ் ரயில்வேயிடம் இருந்தது. 1908-லிருந்து தென்னிந்திய ரயில்வே. இன்றைய தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14. எந்தக் கம்பெனியின் எழுத்து என்று பார்த்தாலே காலத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்துவிடலாம்.

காகித ஆதாரத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1887-இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. அதோடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்த நிலையக் கட்டடத்தின் பழைய வரைபட நகலும் சொத்துப் பதிவேட்டில் கட்டிய ஆண்டாகக் காட்டியிருப்பதும் வேண்டும் என்று. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

வருடா வருடம் பெயின்ட் அடித்து, டைல்ஸ் ஒட்டி, சிமென்ட் பூசி நன்றாகத்தானே வைத்திருக்கிறார்கள்? அதில் என்ன குறை?

இடிப்பதால் போகும் கட்டடங்களைவிட நல்லெண்ணத்தால் போகும் கட்டடங்கள் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் நனைந்த சட்டைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்ட கதைதான். ஈரம் உள்ளேயே நிற்கும். தரையிலிருந்து ஏறும் உப்பு வெளியே வர வழியில்லாமல் செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே பூக்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும், கூடவே பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு. அதைப் பார்த்து ‘கட்டடம் பலவீனமாகிவிட்டது’ என்று அறிக்கை எழுதுவார்கள். பலவீனமானது கட்டடமல்ல, பூச்சு.

நீங்களே சோதிக்கலாம். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடங்கள். பொத்துப் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் சிமென்ட் சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பளவு உயரத்துக்கு இப்படித்தான் இருக்கும். அந்த உயரத்துக்குத்தான் டைல்ஸும் ஒட்டியிருப்பார்கள், வெற்றிலை எச்சில் கறை கழுவச் சௌகரியம் என்று. எச்சில் துப்புகிறவனைத் திருத்துவதைவிடச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது சுலபம் என்பது என்னவோ வாஸ்தவம்தான்.

மனுவில் அந்தஸ்து கேட்கும்போதே இதையும் ஒரு வரி கேளுங்கள்: பழைய சுவர்களில் இனிச் சுண்ணாம்புக் காரை மட்டும், சுண்ணாம்பு வெள்ளை மட்டும். அறிவிப்பு வரப் பல வருடம் ஆகலாம். இந்த ஒரு வரியைக் கோட்டப் பொறியாளர் ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே கட்டடத்துக்குப் பாதி ஆயுள் கூடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கும் கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணிகளில் இன்னும் இருக்கிறார்கள்.

பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும், லிப்ட் வேண்டும், மின்கம்பம் வேண்டும். பழைய கட்டடம் இடைஞ்சல் இல்லையா?

சில இடங்களில் இடைஞ்சல்தான். மறைக்க வேண்டியதில்லை. இப்போதைய உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கட்டடங்கள் தாழ்ந்த பிளாட்பாரத்துக்கு ஏற்பக் கட்டியவை. பிளாட்பாரத்தை உயர்த்தியதும் கட்டடம் குழிக்குள் இறங்கிவிட்டது போல் ஆகிவிடும். வாசல்படி மண்ணுக்குள் போய், கதவு குள்ளமாகி, மழைத்தண்ணீர் அறைக்குள் வரும். தண்ணீர் வருகிறது என்பதே அடுத்து இடிக்கக் காரணமாகும்.

வழி இருக்கிறது. கட்டடத்துக்கும் உயர்த்திய தரைக்கும் நடுவே ஒரு வடிகால் விட்டு, சுற்றிச் சரிவுப் பாதை போடலாம். நீண்ட பிளாட்பாரத்தின் வேறொரு பகுதியில் லிப்ட் வைக்கலாம். முதியோரும் சக்கர நாற்காலிக்காரர்களும் ஏற முடியாத ஸ்டேஷனைப் பழமை என்ற பெயரில் அப்படியே வைக்கச் சொல்லி நாம் கேட்கக் கூடாது. ஊர் இரண்டாகப் பிரிவதே பெரும்பாலும் இதில்தான். மனு போடுகிற குழு முதல் நாளே ‘லிப்ட்டும் வேண்டும், கட்டடமும் வேண்டும்’ என்று சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு இல்லாமல் போகும்.

மும்பையின் பைகுல்லா நிலையத்தைப் பாருங்கள். 1853-இல் ரயில் வந்த இடம், நெரிசலுக்குப் பஞ்சமே இல்லாத புறநகர்ப் பாதை. வண்டியை நிறுத்தாமலேயே பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள், 2022-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. நம் ராயபுரம் நிலையமும் 2005-இல் சீரமைக்கப்பட்டதுதான்.

அம்ரித் பாரத் திட்டத்தில் எங்கள் ஸ்டேஷன் வந்துவிட்டது. இனி அவ்வளவுதானா?

இல்லை, ஆனால் நேரம் குறைவு. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்க 2023-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் திருப்பூர், கரூர் உட்பட நம் பக்கத்து நிலையங்களும் இருக்கின்றன. வரைபடம் தயாராகும் கட்டத்தில் பேசினால் கேட்பார்கள். டெண்டர் விட்ட பிறகு பேசினால், ஒப்பந்தத்தை மாற்றச் செலவாகும் என்பார்கள், அதுவும் நியாயமே. பணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கோட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, முகப்பு வளைவும் கார் பார்க்கிங்கும் பழைய கட்டடத்தை விட்டு விலகிப் போக முடியுமா என்று வரைபடத்தை வைத்துக்கொண்டே பேசுங்கள். வெறும் கோஷத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அந்தஸ்து கிடைத்தால் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க முடியாதாமே?

இந்தப் பயத்தைக் கிளப்பிவிட ஊருக்கு ஒரு ஆள் இருப்பார். மத்தியச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தப்படி, தேசியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அது மத்தியப் பாதுகாப்புக்கு மட்டும். ரயில்வேயின் சொந்தப் பட்டியலுக்கு அப்படிச் சுற்றுவட்டம் எதுவும் கிடையாது. முழுமைத் திட்டம் வழியாக வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கடைவீதிக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மனு யாருக்குப் போட வேண்டும்?

முதலில் உங்கள் ஸ்டேஷன் எந்தக் கோட்டம் என்று பாருங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், மேட்டுப்பாளையம் எல்லாம் 2007-இல் உருவான சேலம் கோட்டம். போத்தனூரும் பொள்ளாச்சியும் நெடுங்காலமாகப் பாலக்காட்டுக் கோட்டத்தோடு சேர்ந்தவை. உடுமலை மதுரைக் கோட்டம். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் மூன்று வேறு அலுவலகம். தப்பான கோட்டத்துக்கு அனுப்பினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

கோட்ட மேலாளருக்கு ஒன்று. நகலை ரயில்வே வாரியத்தின் பாரம்பரியப் பிரிவுக்கும் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள். கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவில் யார் உறுப்பினர் என்று கண்டுபிடித்து, அவர் மூலம் கூட்டத்தில் எழுப்பச் சொல்லுங்கள். அங்கே எழுப்பிய விஷயம் கூட்டக் குறிப்பில் ஏறும். மாநிலப் பக்கம் கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒன்று, மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒன்று, பாரம்பரிய ஆணையத்துக்கு ஒன்று.

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இணைப்பு கனமாக இருக்கட்டும்: அளவெடுத்த வரைபடம், ஒவ்வொரு அறையின் புகைப்படம், வயதுக்கான ஆதாரம். வரைபடத்துக்குக் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கும் பாடத்தில் அது உண்டு. அளக்கப் போகும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது முக்கியம். டேப்பும் கேமராவுமாக நாலு பேர் தண்டவாளத்தோரம் நின்றால் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) சும்மா இருக்காது.

கிராமசபைத் தீர்மானம் போட்டால் செல்லுமா?

ரயில்வேயைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராமசபை இருக்கிறது. ஊரே கேட்கிறது என்பதற்கு அதைவிட நல்ல தாள் கிடையாது.

சீரமைக்கப் பணம்?

கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய இனங்களில், வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. மில்லும் பவுண்டரியும் பனியன் கம்பெனியும் நிறைந்த வட்டாரத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சையும் நூலையும் ரயிலில் ஏற்றித்தான் இந்த ஊர்கள் தலையெடுத்தன. கோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம் முதலில், பணம் பிறகு. வரிசையை மாற்றினால் பணம் கொடுத்தவர் முகப்பில் தன் பெயர்ப்பலகைக்கு இடம் கேட்பார்.

போத்தனூரில் நடந்த அந்தக் கொடுமையையும் மனுவில் எழுத வேண்டுமா? ஊருக்குக் கெட்ட பெயர் இல்லையா?

1921 நவம்பரில், மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் வெள்ளையரை எதிர்த்து நடத்திய கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் சுமார் நூறு பேரைக் கேரளத்தின் திரூரில் காற்றுப் புகாத சரக்கு வேகனில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பெரும்பாலோர் மூச்சு முட்டி இறந்துகிடந்தார்கள். இறந்தவர்கள் எழுபது பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. திரூரில் இதற்கு நினைவு மண்டபம் இருக்கிறது. கதவு திறந்த ஊரில் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்டாயம் எழுத வேண்டும். 1942 ஆகஸ்டில் போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே ராணுவத் தளவாடம் ஏற்றிவந்த சரக்கு ரயிலைக் கவிழ்த்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். இரண்டும் அதே பாதையில் நடந்தவை. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் மனுவைப் படிக்கிறவருக்கே சந்தேகம் வரும். அதோடு, கட்டடம் அழகாக இல்லை, சாதாரணமாகத்தான் இருக்கிறது என்று மறுப்பு வந்தால், அழகைத் தாண்டிய காரணம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இடிக்க ஆள் வந்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

அறிவிப்பு இல்லாத கட்டடத்துக்குச் சட்டப்படி உடனடித் தடை கிடைப்பது கடினம். உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடலாம், அதற்கும் மேலே சொன்ன ஆவணங்கள் கையில் தயாராக இருந்தால்தான் வக்கீலால் ஏதாவது செய்ய முடியும்.

அதற்கிடையில் எடுத்துவைக்க முடிந்ததைக் கேளுங்கள். பழைய இரும்புச் சாமானெல்லாம் ஸ்கிராப் ஏலத்துக்குப் போய்விடும். தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்ட மணி, கைகாட்டியை இழுக்கும் லீவர் வரிசை, உருண்டை டோக்கன் வரும் சிவப்புப் பெட்டி, அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரம், தேக்கு பெஞ்சு, ஓட்டு விளிம்பில் பல் பல்லாக அறுத்துத் தொங்கவிட்ட மரப்பலகை. இவற்றில் எதெது இருக்கிறது என்று படத்தோடு ஒரு பட்டியல் எழுதி, ஏலத்தில் விடாமல் புதுக் கட்டடத்திலோ மேட்டுப்பாளையம் ரயில் அருங்காட்சியகத்திலோ வைக்கும்படி கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள். எழுதும்போது ஒவ்வொரு பொருளும் எந்த அறையில், எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் குறியுங்கள். ஏலச் சீட்டில் எல்லாமே ‘பழைய இரும்பு, இத்தனை கிலோ’ என்றுதான் போகும்.